தடையே இல்லாத கம்பியில் தடை எங்கிருந்து வந்தது? ரோல்ஃப் லாண்டவரின் கதை

முதல்ல உங்ககிட்ட ஒரு சின்ன கேள்வி. ஒரு கம்பியோட நீளத்தைக் குறைச்சுக்கிட்டே போனா, அதோட ரெசிஸ்டன்ஸ் என்ன ஆகும்?

பிளஸ் டூ படிச்ச யாரா இருந்தாலும் சொல்லிடுவோம். குறையும். பாதி நீளம்னா பாதி ரெசிஸ்டன்ஸ். நீளம் பூஜ்ஜியத்தை நெருங்கினா ரெசிஸ்டன்ஸும் பூஜ்ஜியம். ஆறாவது செமஸ்டர் வைவாவில் நானும் தைரியமா இதைத்தான் சொன்னேன். எக்ஸ்டர்னல் லேசா சிரிச்சுட்டு அடுத்த கேள்வி போட்டார். உன் போனில் இருக்கிற டிரான்சிஸ்டரில் கேட் நீளம் 20 நானோமீட்டர்கூட இல்லையே, அப்போ ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்கக் கூடாதே, அப்புறம் ஏன் போன் சூடாகுதுன்னு கேட்டார். நான் பேந்தப் பேந்த முழிச்சேன். மார்க் என்னவோ வந்துடுச்சு. கேள்வி மட்டும் போகல.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்போதான் ரோல்ஃப் லாண்டவர் என்கிற பெயர் கிடைச்சது. நானோ எலக்ட்ரானிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இந்தப் பெயர் ஒரு ஃபார்முலாவாகத் தெரிஞ்சிருக்கும். லாண்டவர் ஃபார்முலா, ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனா அந்த ஃபார்முலாவுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார். அவர் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நான் தமிழ்ல எழுதுற முதல் கட்டுரை இது. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஸ்டட்கார்ட்டிலிருந்து நியூயார்க்குக்கு

லாண்டவர் 1927 பிப்ரவரி 4 அன்று ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் ஒரு வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கட்டடத் தொழில் செய்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டு அடிபட்டவர். தன் நாடு தன்னைக் கைவிடாது என்று நம்பியவர். ரோல்ஃப் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். நாஜி ஆட்சியில் யூதர்களின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. 1938-ல் குடும்பம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தது. அப்போது ரோல்ஃபுக்கு வயசு 11.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அப்பா இல்லை. ஊர் இல்லை. பேசிப் பழகின மொழியும் இனி வகுப்பில் உதவாது. ஆறாம் வகுப்பில் ஸ்கூல் மாறினதுக்கே நான் ஒரு மாசம் அழுதவன்.

நியூயார்க்கில் ஸ்டைவசன்ட் ஹைஸ்கூலில் படித்தார். அங்கிருந்து ஹார்வர்டு. 1945-ல், 18 வயசிலேயே டிகிரி முடித்துவிட்டார். அதன் பிறகு சுமார் ஒன்றரை வருஷம் அமெரிக்கக் கடற்படையில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் வேலை. நாம லேபில் சால்டரிங் அயர்னைப் பிடிச்சு சர்க்யூட் கத்துக்கிற மாதிரி, அவருக்கு எலக்ட்ரானிக்ஸ் கையில் பழகியது அங்கேதான். மறுபடியும் ஹார்வர்டுக்குத் திரும்பி 1950-ல் பிஹெச்டி வாங்கினார். பிறகு கிளீவ்லாண்டில், பின்னாளில் நாசாவாக மாறிய அமைப்பின் லூயிஸ் லேபில் ரெண்டு வருஷம். 1952-ல் ஐபிஎம்மில் சேர்ந்தார். அதுக்கப்புறம் கடைசி வரை ஐபிஎம்தான்.

1952 ஏன் முக்கியம்னா, டிரான்சிஸ்டர் பிறந்து அப்போ அஞ்சு வருஷம்கூட முழுசா ஆகல. பெல் லேபில் 1947 டிசம்பரில் வேலை செய்த அந்தச் சின்ன ஜெர்மேனியம் துண்டு, வாக்குவம் டியூபுக்கு மாற்றா வருமான்னு உலகமே பார்த்துக்கிட்டு இருந்த நேரம். ஐபிஎம் அப்போதுதான் செமிகண்டக்டர் பக்கம் காலை வைத்திருந்தது. 25 வயசு லாண்டவர் அந்தப் புதுக் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு தடைக்கல்லைச் சுற்றி என்ன நடக்குது?

இப்போ கொஞ்சம் ஃபிசிக்ஸ். பயப்படாதீங்க, மெதுவாகவே போகலாம்.

உலோகத்தில் கரண்ட் எப்படிப் போகுதுன்னு நமக்குச் சொல்லித் தந்த படம் 1900-ல் பால் ட்ரூட் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி வரைந்தது. எலக்ட்ரான் ஓடும், இடிக்கும், திசை மாறும், மறுபடி ஓடும். வோல்டேஜ் கொடுத்தா இந்தத் தள்ளாட்டத்துக்கு நடுவே மெதுவா ஒரு பக்கம் நகரும். அதுதான் ட்ரிஃப்ட். ஒவ்வொரு இடியிலும் எனர்ஜி கொஞ்சம் வெப்பமாகப் போகும். பின்னால் குவாண்டம் ஃபிசிக்ஸ் வந்து இந்தப் படத்தைத் திருத்தினாலும், அடிப்படை மனக்காட்சி அப்படியேதான் இருந்தது. எல்லா இடிகளையும் கூட்டி, சராசரி எடுத்து, கண்டக்டிவிட்டி என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடுவோம்.

லாண்டவருக்கு அந்தச் சராசரி போதவில்லை. ஒரே ஒரு தடைக்கல்லை எடுத்துக்கொள்வோம், அதைச் சுற்றி உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஆற்றில் ஒரு பாறை இருந்தா, அதுக்கு முன்னாடி தண்ணி கொஞ்சம் ஏறி நிற்கும், பின்னாடி கொஞ்சம் இறங்கி இருக்கும் இல்லையா? அதே மாதிரி, தடைக்கல்லுக்கு ஒரு பக்கம் எலக்ட்ரான்கள் சேரும், மறுபக்கம் குறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் அங்கே தோன்றும் வோல்டேஜ். அதாவது வோல்டேஜ் கம்பி முழுக்கச் சீராகச் சரிவதில்லை. ஒவ்வொரு தடைக்கல்லிலும் படிப்படியாக இறங்குகிறது.

இதில் இன்னொரு தலைகீழ் சிந்தனையும் இருக்கு. நாம எப்பவும் வோல்டேஜ் கொடுத்தோம், அதனால கரண்ட் வந்துச்சுன்னு சொல்லுவோம். லாண்டவர் கரண்டை முதலில் வைத்தார். எலக்ட்ரான் ஓட்டம் வந்து மோதுகிறது. தடையைத் தாண்டிப் போக எவ்வளவு வாய்ப்பு, திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு? அந்த ரெண்டு எண்ணும் தெரிஞ்சா ரெசிஸ்டன்ஸ் தெரிஞ்சுடும். ரெசிஸ்டன்ஸ் என்பது பொருளின் குணம் என்று நினைத்திருந்த இடத்தில், அது அலை ஒன்று கடந்துபோகும் வாய்ப்பு பற்றிய கணக்கு என்று ஆக்கிவிட்டார். மைக்ரோவேவ் பேப்பரில் ட்ரான்ஸ்மிஷன், ரிஃப்ளெக்ஷன்னு படிச்சோமே, கிட்டத்தட்ட அதே பார்வைதான்.

இந்தக் கட்டுரை வந்தது 1957-ல். எங்கே தெரியுமா? ஐபிஎம் கம்பெனி நடத்திய சொந்த ஆய்வு இதழில். அந்த இதழே அந்த வருஷம்தான் தொடங்கியது. ஃபிசிக்ஸ் ஆட்கள் வழக்கமாகப் படிக்கும் இதழ் இல்லை. ஆக, நானோ எலக்ட்ரானிக்ஸின் அஸ்திவாரக் கட்டுரை அச்சாகி, அலமாரிக்குப் போய், பல வருஷம் கவனிக்க ஆள் இல்லாமல் கிடந்தது. நானோமீட்டர் டிரான்சிஸ்டர் அப்போ யாருக்கும் தேவைப்படவும் இல்லை. அன்றைய டிரான்சிஸ்டரில் எலக்ட்ரான் எண்ணற்ற முறை இடித்துக்கொண்டுதான் போனது. அதற்குச் சராசரியே போதும்.

அழிப்பதற்கு ஒரு விலை

லாண்டவர் காத்திருக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் கணக்குப் போட, குறைந்தது எவ்வளவு எனர்ஜி செலவாகியே தீரும்?

இது இன்ஜினியரிங் திறமை பற்றிய கேள்வி இல்லை. எவ்வளவு நல்ல சர்க்யூட் போட்டாலும் தாண்டவே முடியாத எல்லை எது என்கிற கேள்வி. ஒவ்வொரு லாஜிக் செயலுக்கும் ஒரு குறைந்தபட்சச் செலவு உண்டு என்று பொதுவாக நம்பினார்கள். 1961-ல் லாண்டவர் அதைத் துல்லியமாக்கினார். செலவு தகவலை அழிக்கும்போது வருகிறது. ஒரு பிட்டில் பூஜ்ஜியம் இருந்ததா ஒன்று இருந்ததா என்று பார்க்காமல் அதை பூஜ்ஜியம் ஆக்கினால், முன்னாடி என்ன இருந்தது என்ற தகவல் போய்விட்டது. அந்தத் தகவல் சும்மா மறையாது, வெப்பமாக வெளியேறும். அறை வெப்பநிலையில் ஒரு பிட்டுக்குக் குறைந்தது சுமார் 0.018 எலக்ட்ரான் வோல்ட். மிக மிகச் சின்ன அளவுதான். இன்றைய சிப்பில் ஒரு கேட் ஸ்விட்ச் ஆகும்போது இதைப்போல் பல ஆயிரம் மடங்கு செலவாகிறது. ஆனாலும் அந்தத் தரை அங்கே இருக்கிறது.

இந்தக் கட்டுரையும் அதே ஐபிஎம் இதழில்தான் வந்தது. தகவல் என்பது எங்கோ மேகத்தில் மிதக்கும் கருத்து இல்லை, அது எப்போதும் ஏதாவது ஒரு பொருளில்தான் எழுதப்பட்டிருக்கும், அதனால் ஃபிசிக்ஸ் விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்பதை அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இங்கே ஒரு முக்கியமான திருப்பம். கம்ப்யூட்டர் என்றால் நடுநடுவே தகவலை அழித்தே ஆக வேண்டும், ஆகவே வெப்பம் தவிர்க்க முடியாதது என்று லாண்டவர் நினைத்தார். ஆனால் 1973-ல் ஐபிஎம்மிலேயே வேலை பார்த்த சார்லஸ் பென்னட் என்கிற இளைஞர் அது தப்பு என்று காட்டினார். எதையும் அழிக்காமல், பின்னோக்கியும் ஓட்டக்கூடிய மாதிரி கணக்கை அமைக்க முடியும். அப்படிச் செய்தால் அந்தக் குறைந்தபட்ச வெப்பமும் கட்டாயம் இல்லை. லாண்டவர் உடனே நம்பிவிடவில்லை. யோசித்தார், சந்தேகப்பட்டார். சரி என்று புரிந்த பிறகு, அந்தக் கருத்தை ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் ஆனார்.

நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் ஜூனியர் ஒருத்தன் தப்பைச் சுட்டிக்காட்டினா நமக்கு எப்படி இருக்கும்? எனக்கு நடந்திருக்கு. ரெண்டு நாள் நான் அவன்கிட்ட பேசல. அவன் சொன்னதுதான் சரி என்பது வேற விஷயம்.

மேனேஜர் நாற்காலியும் திரும்பி வந்ததும்

1960-களில் லாண்டவர் ஐபிஎம் ஆய்வுப் பிரிவில் பெரிய நிர்வாகப் பொறுப்புகளில் இருந்தார். செமிகண்டக்டர் லேசர் ஆய்வு, ஒரே சிப்பில் நிறைய டிரான்சிஸ்டர்களை அடுக்கும் திட்டம் ரெண்டையும் ஊக்கப்படுத்தியவர்களில் அவர் ஒருவர். நாம பாடத்தில் படிக்கிற எல்எஸ்ஐ, அதாவது லார்ஜ் ஸ்கேல் இன்டக்ரேஷன் என்ற பெயரே அவர் கொடுத்தது என்பார்கள். ஆனால் 1969-ல் ஐபிஎம் ஃபெல்லோ ஆன பிறகு நிர்வாகத்தை விட்டுவிட்டு ஆய்வுக்கே வந்துவிட்டார். 42 வயசு. மேலே மேலே போகக்கூடிய நேரத்தில், காகிதம் பேனாவுடன் பழைய கேள்விக்கே திரும்பி உட்கார்ந்தார்.

1970-ல் அந்த 1957 கருத்தை இன்னும் தெளிவான வடிவில் மறுபடி எழுதினார். ஒற்றைக் கம்பியில் தடைக்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? ரெசிஸ்டன்ஸ் நீளத்துக்கு ஏற்ற மாதிரி சீராகக் கூடாது, மடங்கு மடங்காக எகிறும் என்று காட்டினார். எலக்ட்ரான் ஒரு அலை. அலைகள் முன்னும் பின்னும் எதிரொலித்து ஒன்றோடொன்று கலக்கும்போது சாதாரணக் கூட்டல் கணக்கு உடைந்துவிடும். 1980-ல் பிலிப் ஆண்டர்சன் போன்ற பெரிய ஆட்கள் இதைக் கையில் எடுத்தார்கள். ஃபார்முலா பிறந்து 23 வருஷம் கழித்து உலகம் திரும்பிப் பார்த்தது. பார்த்த உடனே சண்டையும் வந்தது.

ஒரு ஃபார்முலா, ரெண்டு பதில்

இதுதான் கதையின் முக்கியக் கட்டம். வைவா கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கு.

லாண்டவர் எழுதிய வடிவத்தில், ரெசிஸ்டன்ஸ் என்பது திரும்பி வரும் வாய்ப்பை, தாண்டிப் போகும் வாய்ப்பால் வகுத்தது. தடையே இல்லை, எல்லா எலக்ட்ரானும் தாண்டிப் போய்விடுகிறது என்று வையுங்கள். திரும்பி வரும் வாய்ப்பு பூஜ்ஜியம். ஆகவே ரெசிஸ்டன்ஸ் பூஜ்ஜியம். ரொம்ப நியாயமாகத் தெரியுது இல்லையா?

1981 வாக்கில் வேறு சிலர் வேறு வழியில் கணக்குப் போட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது, ரெசிஸ்டன்ஸ் என்பது ஒன்றை, தாண்டிப் போகும் வாய்ப்பால் வகுத்தது. இதில் தடையே இல்லாத கம்பிக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் வருகிறது. அதன் அளவு ஒரு வழிக்குச் சுமார் 12,900 ஓம். கம்பி தங்கமா சிலிக்கானா என்பது கணக்கிலேயே இல்லை. எலக்ட்ரானின் சார்ஜும் பிளாங்க் மாறிலியும் மட்டும்தான்.

தடையே இல்லாத கம்பியில் தடையா? எது சரி?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். தாண்டிப் போகும் வாய்ப்பு நாலில் ஒன்று என்று வையுங்கள். திரும்பி வரும் வாய்ப்பு நாலில் மூன்று. லாண்டவர் வடிவத்தில் ரெசிஸ்டன்ஸ் 3 பங்கு. மற்ற வடிவத்தில் 4 பங்கு. வித்தியாசம் சரியாக 1 பங்கு. வாய்ப்பை எப்படி மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் எப்போதும் அதே 1 பங்குதான், அதாவது அந்த 12,900 ஓம். நீங்களே ரஃப் நோட்டில் போட்டுப் பாருங்க.

அந்த ஒரு பங்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. ஐபிஎம்மில் லாண்டவருடன் வேலை செய்த மார்க்கஸ் பூட்டிக்கர், அவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்த இஸ்ரேலைச் சேர்ந்த யோசஃப் இம்ரி இருவரும் 1980-களின் நடுவில் இதைத் தெளிவாக்கினார்கள். அது கம்பியில் இல்லை. கம்பி தொடங்கும் வாயிலும் முடியும் வாயிலும் இருக்கிறது.

தேர்த்திருவிழாவை நினைச்சுக்கோங்க. அகலமான வீதி முழுக்கக் கூட்டம். ஓரத்தில் ஒரே ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்து. சந்துக்குள்ளே ஒரு கல்கூட இல்லை, உள்ளே போனவர் யார் மேலும் இடிக்காமல் மறுபக்கம் போய்விடலாம். ஆனாலும் ஒரு நிமிஷத்தில் இத்தனை பேர்தான் போக முடியும். ஏன்? வாய் குறுகல். எலக்ட்ரானுக்கும் அப்படித்தான். பெரிய உலோகக் கான்டாக்ட்டில் கோடிக்கணக்கான வழிகள். நானோ சேனலில் விரல் விட்டு எண்ணும் அளவு வழிகள். ஒரு வழியில் எலக்ட்ரான் வேகமாகப் போனாலும் பிரயோஜனம் இல்லை. வேகம் கூடினால், அந்த எனர்ஜியில் எலக்ட்ரான் உட்காரும் இடங்கள் அதே அளவு குறைந்துவிடும். ரெண்டும் கேன்சல் ஆகிவிடும். அதனால்தான் எந்தப் பொருளாக இருந்தாலும் அதே எண் வருகிறது.

அப்போ லாண்டவர் எழுதினது தப்பா? இல்லை. ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேபில் நாலு ப்ரோப் வைத்து ரெசிஸ்டிவிட்டி அளந்தோமே, ஞாபகம் இருக்கா? கரண்டுக்கு ரெண்டு முனை, வோல்டேஜுக்குத் தனியா ரெண்டு முனை. எதுக்கு நாலுன்னு நான் அப்போ கேட்டதே இல்ல. கான்டாக்ட்டின் தடை கணக்கில் வரக் கூடாது என்பதற்காகத்தான். லாண்டவர் கணக்கு அந்த மாதிரி, தடைக்கல்லுக்குப் பக்கத்திலேயே அளந்தது. மற்றது ரெண்டு முனையிலிருந்து மொத்தமாக அளந்தது. ரெண்டும் சரி, கேட்ட கேள்விதான் வேற வேற.

1988-ல் சோதனை வந்தது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகமும் ஃபிலிப்ஸும் சேர்ந்த குழு ஒன்று, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று. காலியம் ஆர்சனைடுக்குள் ஒரு மெல்லிய எலக்ட்ரான் படலம், மேலே கேட் வோல்டேஜ் கொடுத்து நடுவே ஒரு குறுகலான வாசல். மிகக் குளிர்ந்த நிலையில் கேட் வோல்டேஜை மெதுவாக மாற்றினார்கள். கண்டக்டன்ஸ் சரிவாக ஏறவில்லை. மாடிப்படி மாதிரி ஏறியது. ஒவ்வொரு படிக்கும் ஒரே உயரம். ஒரு வழி திறந்தால் ஒரு படி, ரெண்டு வழி திறந்தால் ரெண்டு படி. அந்த கிராஃபை நீங்க ஒரு தடவை பார்க்கணும். காகிதத்தில் கிடந்த கணக்கு, படிக்கட்டாக எழுந்து நிற்கும்.

இன்று உலகம் லாண்டவர் ஃபார்முலா என்று சொல்வது பெரும்பாலும் அந்த ரெண்டாவது வடிவத்தைத்தான். அவர் எழுதியது வேறு, அவர் பெயரில் புகழ்பெற்றது வேறு. அவர் அந்த வித்தியாசத்தைச் சரியாக எடுத்துச் சொல்வதில்தான் கவனமாக இருந்தார்.

சரி, போன் ஏன் சூடாகுது?

வைவாவுக்கு வருவோம். இன்றைய டிரான்சிஸ்டரில் சோர்ஸுக்கும் ட்ரெயினுக்கும் நடுவில் சேனல் சுமார் 15, 20 நானோமீட்டர். (3 நானோமீட்டர் சிப்னு விளம்பரத்தில் வருவது அந்தத் தலைமுறைக்கு வைத்த பெயர், அளவுகோல் வைத்து அளந்த நீளம் இல்லை.) சிலிக்கான் சேனலில் ஒரு எலக்ட்ரான் பெரிதாக இடிக்காமல் போகக்கூடிய தூரமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே எலக்ட்ரான் தள்ளாடித் தள்ளாடிப் போவதில்லை. ஒன்றிரண்டு முறை இடிக்கலாம், இடிக்காமலும் போகலாம். விநாடிக்குச் சுமார் 1 லட்சம் மீட்டர் வேகத்தில், ஒரு பிகோசெகண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மறுபக்கம் சேர்ந்துவிடும்.

இடி இல்லைன்னா வெப்பமும் சேனலுக்குள் அதிகம் இல்லை. சோர்ஸ் பக்கம் இருந்து வந்த எலக்ட்ரான், வோல்டேஜ் கொடுத்த எனர்ஜியை அப்படியே சுமந்துகொண்டு ட்ரெயினுக்குள் போய் விழுகிறது. அங்கே போய்த்தான் இடித்து, குளிர்ந்து, அடங்குகிறது. மாடியிலிருந்து குதிச்சவனுக்குக் காத்தில் அடி படாது, தரையில்தான் படும். மொத்த வெப்பம் நம்ம பழைய கணக்குப்படியே வரும். அது வெளிவரும் இடம்தான் பெரும்பாலும் மாறிவிட்டது.

சேனல் இன்னும் சின்னதானாலும் ரெசிஸ்டன்ஸ் பூஜ்ஜியம் ஆகாது. வாசல்களின் பங்கு மிச்சம் இருக்கும். எக்ஸ்டர்னல் கேட்டது இதைத்தான். ஒரு வருஷம் லேட்டாகப் பதில் சொல்றேன் சார்.

கடைசி வரை சந்தேகம்

லாண்டவருக்கு இன்னொரு முகம் உண்டு. டிரான்சிஸ்டரை ஓரம் கட்டப்போகிறேன் என்று வரும் ஒவ்வொரு புதுக் கருவியையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஒளியால் லாஜிக், அது இது என்று எது வந்தாலும் அவர் கேட்டது ஒரே கேள்வி. ஒவ்வொரு ஸ்டேஜிலும் சிக்னல் கொஞ்சம் கெடும், அதைத் திரும்பச் சரியான லெவலுக்கு எது கொண்டுவரும்? டிரான்சிஸ்டர் அதைச் செய்கிறது, அதனால்தான் ஜெயித்தது. நாம நாய்ஸ் மார்ஜின்னு ரெண்டு மார்க்குக்குப் படிச்ச விஷயத்தின் மேல்தான் மொத்த டிஜிட்டல் உலகமும் நிற்கிறது.

குவாண்டம் கம்ப்யூட்டர் பேச்சு சூடுபிடித்தபோதும் அதே கேள்வி. இந்தக் கட்டுரைகளில் எல்லாம், இது நாய்ஸையும் தயாரிப்புக் குறைகளையும் முழுசாகக் கணக்கில் எடுக்கவில்லை, அநேகமாக வேலை செய்யாது என்று ஒரு அடிக்குறிப்பு போடுங்கள் என்று யோசனை சொன்னார். கிண்டல்தான், ஆனால் வெறும் கிண்டல் இல்லை. அந்த மாதிரி கறாரான கேள்விகள் இருந்ததால்தான், 1995 முதல் வந்த குவாண்டம் எரர் கரெக்ஷன் எவ்வளவு அவசியம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

1995-ல் அமெரிக்க ஃபிசிக்ஸ் சங்கத்தின் பக்லி பரிசு, 1998-ல் ஐஇஇஇ எடிசன் பதக்கம் கிடைத்தன. நோபல் கிடைக்கவில்லை. 1999 ஏப்ரல் 27 அன்று மூளைப் புற்றுநோயால் நியூயார்க் மாநிலத்தில் தன் வீட்டில் இறந்தார். வயது 72. நம்மில் பலர் பிறப்பதற்குச் சில வருஷம் முன்னாடி.

2012-ல் பிரான்சின் லியோன் நகரில், லேசர் ஒளியில் பிடித்துவைத்த ஒரு நுண்ணிய கண்ணாடி மணியை ஒரு பிட்டாகப் பயன்படுத்தி, அதை அழிக்கும்போது வரும் வெப்பத்தை அளந்தார்கள். எவ்வளவு மெதுவாக அழித்தாலும் சராசரி வெப்பம் 1961-ல் லாண்டவர் சொன்ன எல்லைக்குக் கீழே போகவில்லை. 51 வருஷம் ஆயிருந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எனக்கு இது கடைசி செமஸ்டர். வேலை கிடைச்சிருக்கு, ஆனா என் ஆஃபர் லெட்டரில் டிரான்சிஸ்டர் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. உங்களில் நிறைய பேருக்கும் அப்படித்தான் இருக்கும். கோர் கம்பெனி வரல, இனி இதைப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு ஹாஸ்டலில் தினமும் பேசுறோம். என்கிட்ட அதுக்கு முழுப் பதில் இல்லை. ஆனா யாரும் கேட்காத ஒரு இதழில், யாருக்கும் தேவைப்படாத நேரத்தில், ஒரே ஒரு தடைக்கல்லைச் சுற்றி என்ன நடக்குதுன்னு ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கார். 13 வருஷம் கழிச்சு மறுபடியும் அதையே எழுதியிருக்கார். மே மாசம் ஜாயின் பண்றதுக்கு முன்னாடி அந்த 1957 கட்டுரையை முழுசாப் படிச்சு முடிக்கணும்னு ஆசை. இப்போ மூணாவது பக்கத்தில் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். யாருக்காவது புரிஞ்சா, ஈசிஈ பிளாக் ரெண்டாவது மாடி லேப் பக்கம் வாங்க, சேர்ந்து படிப்போம்.